முதலில் திரும்பும் வழி, பிறகு கிளப்: தோட்டப்புறத்திலிருந்து கேஎல் போகிறவர்களுக்கு

ராசா, கெர்லிங், களும்பாங், தஞ்சோங் மாலிம் பக்கமிருந்து சனிக்கிழமை இரவு கேஎல் (கோலாலம்பூர்) கிளம்பும் இளைஞர்கள் பெரும்பாலும் தலைகீழாகத் திட்டம் போடுகிறார்கள். முதலில் எந்த கிளப் என்று பேசுவார்கள். அப்புறம் எந்தச் சட்டை. ஊர் திரும்புவதைப் பற்றிய பேச்சு விடிகாலை மூன்று மணிக்கு, கிளப் வாசல் நடைபாதையில்தான் தொடங்கும். பங்சாரில் குடியிருப்பவருக்கு அது பத்து நிமிடப் பயணம். நமக்கு அறுபது எழுபது கிலோமீட்டர். அதனால் எப்படித் திரும்புவது என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். எந்த கிளப் என்பதற்குப் பாதி விடை அதிலேயே கிடைத்துவிடும்.

மணிக் கணக்கு

கிளப்புகள் ஒன்பது, பத்து மணிக்குக் கதவைத் திறக்கும். கூட்டம் சேர்ந்து ஆட்டம் சூடுபிடிப்பது பதினொன்றரைக்கு மேல்தான். மூடும் நேரம் உரிமத்தைப் பொறுத்தது: சில இடங்கள் ஒரு மணிக்கு, பல இடங்கள் மூன்று மணிக்கு, சில அதற்கும் பிறகு. ஆனால் கேஎல் சென்ட்ரலிலிருந்து தஞ்சோங் மாலிம் பக்கம் வரும் கடைசிக் கொமுட்டர் ரயில் நள்ளிரவுக்கு முன்பே போய்விடும். நகர ரயில்களான எம்ஆர்டி, எல்ஆர்டி, மோனோரயில் எல்லாம் ஏறக்குறைய நள்ளிரவோடு நின்று, மறுபடி ஓடுவது காலை ஆறு மணிவாக்கில். ஆக, கிளப் சூடுபிடிக்கும் நேரத்தில் உங்கள் ரயில் போயிருக்கும். இந்த இடைவெளியை நிரப்ப நான்கு வழிகள் உண்டு. அவற்றில் ஒன்று வழியே அல்ல.

முதலாவது, நடக்கும் தூரத்தில் அறை எடுத்துத் தங்குவது. புக்கிட் பிந்தாங், ஜாலான் அலோர் சுற்றுவட்டாரத்தில் சிறிய ஹோட்டல்கள் நிறைய. நான்கு பேருக்கு இரண்டு அறை போதும். தலைக்கு அறுபது வெள்ளிபோல (ரிங்கிட்) வரலாம். எங்கள் கணிப்பில் இதுதான் சிறந்த வழி. ரயிலில் போய் ரயிலிலேயே திரும்பலாம், டோல் இல்லை, பார்க்கிங் இல்லை, யாரும் தூக்கக் கலக்கத்தில் வண்டி ஓட்ட வேண்டியதில்லை. அறையை இரண்டு வாரம் முன்பே பதியுங்கள். சனிக்கிழமை இரவு பத்து மணிக்கு அறை தேடினால் விலை ஏறியிருக்கும், மிச்சமிருப்பதும் ஜன்னல் இல்லாத அறையாகத்தான் இருக்கும்.

இரண்டாவது, ஒரு சொட்டும் குடிக்காத ஓட்டுநர். “கொஞ்சமாகக் குடிப்பான்” என்பவர் இந்தக் கணக்கில் வரமாட்டார். அதோடு, அவர் அன்று பகல் வேலை செய்தவரா என்றும் பாருங்கள். காலை ஷிஃப்ட் முடித்தவரோ, விடிகாலைப் பெரட்டுக்கு (தோட்டத்தில் வேலைக்கு ஆள் கூடுவது) எழுந்தவரோ, மறுநாள் அதிகாலை நான்கு மணிக்கு ரவாங்கைத் தாண்டும்போது இருபத்துமூன்று மணி நேரமாகத் தூங்காமல் இருப்பார். குடிக்காவிட்டாலும் கண் சொருகும். அவர் மதியம் மூன்று மணி நேரமாவது தூங்கியிருக்க வேண்டும். அவருடைய சாப்பாட்டுக்கும் நுழைவுக் கட்டணத்துக்கும் மற்றவர்கள் பங்கு போட்டுக் கொடுப்பது முறை.

மூன்றாவது, சீக்கிரம் போய்ச் சீக்கிரம் திரும்புவது. சங்காட் புக்கிட் பிந்தாங்கில் மாலை ஆறு, ஏழு மணிக்கே பார்கள் திறந்திருக்கும். பல இடங்களில் ஒன்பது மணிவரை ‘ஹேப்பி ஹவர்’ விலை. ஏழு மணிக்குப் போய் இசை கேட்டு, சாப்பிட்டு, ரயில் நேரத்தைப் பார்த்து முன்கூட்டியே எழுந்தால் கடைசிக் கொமுட்டரைப் பிடிக்கலாம். முதல் தடவை போகிறவர்களுக்கு இதைத்தான் சொல்வோம். அன்றைய ரயில் நேரத்தை ரயில் நிறுவனமான கேடிஎம்மின் செயலியில் அன்றே பாருங்கள். ரவாங்குக்கு வடக்கே ரயில் அடிக்கடி கிடையாது, ஒன்றைத் தவறவிட்டால் நெடுநேரம் காத்திருக்க வேண்டும்.

நான்காவது, மோட்டார் சைக்கிள். வேண்டாம். பழைய சாலையில் செரண்டா தாண்டியதும் பல இடங்களில் விளக்கு இல்லை, இரவில் லாரி ஓட்டம் அதிகம், செம்பனை லாரியிலிருந்து விழுந்த குலை சாலையில் கிடந்தால் பக்கத்தில் வரும்வரை கண்ணுக்குத் தெரியாது. குடிக்காதவருக்கே அது அபாயம்.

எந்த வட்டாரம்

சங்காட் புக்கிட் பிந்தாங் ஒரே தெருவில் வரிசையாகப் பார்களும் சிறிய ஆட்டக்களங்களும் உள்ள இடம். ஓர் இடம் பிடிக்கவில்லை என்றால் அடுத்த கதவுக்குப் போகலாம். பல இடங்களில் நுழைவுக் கட்டணம் இல்லை. கேஎல் சென்ட்ரலில் இறங்கி, பாலம் வழியாக மூசியம் நெகாரா எம்ஆர்டிக்கு நடந்தால், மூன்றாவது நிறுத்தம் புக்கிட் பிந்தாங். அங்கிருந்து பத்து நிமிட நடை. கையில் பணம் குறைவு, குழுவில் ஆளுக்கொரு ரசனை என்றால் இதுவே பொருத்தம்.

பெரிய கிளப், பெரிய ஒலியமைப்பு, வெளிநாட்டு டிஜே என்று விரும்புகிறவர்கள் ஜாலான் துன் ரசாக்கில் உள்ள ட்ரெக் வளாகத்துக்குப் போவார்கள். ஜாலான் அம்பாங்கில் இருந்த ஸூக், 2015-இல் அங்கேதான் இடம் மாறியது. இங்கே நுழைவுக் கட்டணம், உடைக் கட்டுப்பாடு, வரிசை மூன்றும் உண்டு. அது ரயில் நிலையத்தின் வாசலில் இல்லை, கிராப் (செயலி வழி வாடகைக் கார்) எடுக்க வேண்டியிருக்கும். ஒரே வளாகத்துக்குள் பல கடைகள் இருப்பதால் ஒன்றில் கதவு அடைத்தாலும் இரவு வீணாகாது.

தமிழ்ப் பாட்டுக்கு ஆட வேண்டும் என்றால் வட்டாரத்தைவிடக் கிழமைதான் முக்கியம். வாரத்தில் ஒரு நாள் மட்டும் கோலிவுட் இரவு நடத்தும் கிளப்புகள் உண்டு, மற்ற நாளில் அதே மேடையில் டெக்னோ ஓடும். இன்ஸ்டாகிராம் பக்கத்தில் அந்த வாரத்து போஸ்டரைப் பாருங்கள், போன மாதத்தை அல்ல. மேடையில் பாடுகிறவர்களுக்கு, ஆடுகிறவர்களுக்கு மாலை வாங்கிப் போடும் வழக்கமுள்ள இடங்களும் நகரில் இருக்கின்றன. அங்கே மாலை ஒவ்வொன்றுக்கும் தனி விலை. உங்கள் மேசைக்கு வந்து உட்காரும் பெண்ணுக்கு வாங்கிக் கொடுக்கும் பானமும் உங்கள் பில்லில் தனி விலையில் ஏறும். உட்காரும் முன் விலைப் பட்டியலைக் கேளுங்கள். பட்டியல் இல்லை என்று சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள்.

பெண்களுக்கான ‘லேடீஸ் நைட்’ பெரும்பாலும் புதன் போன்ற வார நாள்களில் வரும். இலவசப் பானம் என்பது குறிப்பிட்ட மணிவரை, குறிப்பிட்ட வகை மட்டும். ஓசிக்குக் கிடைக்கிறதே என்று மணிக்குள் அடுக்கிக் குடிப்பதுதான் அந்த இரவுகளில் நடக்கும் பெரிய தவறு. மறுநாள் வேலை இருக்கிறது என்பதையும் வைத்துக் கணக்குப் போடுங்கள்.

கதவில் நடப்பது

அசல் மைகாட் (அடையாள அட்டை) வேண்டும். கைப்பேசியில் எடுத்த படம் செல்லாது. 2017 டிசம்பர் 1 முதல் மலேசியாவில் மது விற்பதற்கான வயது 18-இலிருந்து 21 ஆகிவிட்டது. சில கிளப்புகள் 21-க்குக் கீழ் உள்ளே விடுவதே இல்லை. குழுவில் ஒருவருக்கு இருபது வயது என்றால் எல்லாருடைய இரவும் வாசலிலேயே முடியும். முன்கூட்டியே கேளுங்கள்.

உடை: ஆண்களுக்கு மூடிய காலணி, நீளக் காற்சட்டை, கை வைத்த சட்டை. செருப்பு, அரைக்கால் சட்டை, பனியன், பந்து ஜெர்சி ஆகியவற்றோடு வந்தால் திருப்பி அனுப்புவார்கள். காலர் சட்டை எங்கேயும் தப்பாகாது. பெரிய பையைத் தவிர்க்கவும், சோதனையில் நேரம் போகும்.

இப்போது வெளிப்படையாகச் சொல்ல வேண்டிய ஒன்று. ஆறேழு ஆண்கள், பெண்கள் யாரும் இல்லாமல், ஒன்றாக வந்து நின்றால் பல கதவுகளில் “இன்று மெம்பர் மட்டும்”, “ஜோடி மட்டும்” என்பார்கள். அந்தக் குழு இந்திய இளைஞர்களாக இருந்தால் இந்தப் பதிலை இன்னும் அடிக்கடி கேட்க நேரிடுகிறது. அது நியாயமே இல்லை. ஆனால் வாசலில் சத்தம் போட்டு இதை வென்றவர் யாருமில்லை, பவுன்சரோடு தள்ளுமுள்ளு ஆனால் போலீஸ் புகார் உங்கள் பெயரில்தான் விழும். செய்யக்கூடியவை இவை. வாரத்தின் நடுவிலேயே கிளப்பின் வாட்ஸ்அப் எண்ணில் மேசை பதிந்து, எத்தனை ஆண்கள், எத்தனை பெண்கள் என்று எழுதி, உறுதிச் செய்தியை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். பத்தரைக்குள் போய்விடுங்கள், கூட்டம் இல்லாத நேரத்தில் கதவு இளகும். மேசை பதியாதவர்கள் இரண்டு மூன்று பேராகப் பிரிந்து போங்கள். முன்பணம் கட்டியும் உள்ளே விடவில்லை என்றால், மேலாளரை அழைத்து பணம் திரும்பக் கேட்டு அதையும் எழுத்தில் வாங்குங்கள். எப்போதும் நடக்கும் தூரத்தில் இரண்டாவது இடம் ஒன்றை முடிவு செய்து வைத்திருங்கள்.

பணம்

விலைக்குப் பின்னால் ++ என்று இருந்தால் 10 விழுக்காடு சேவைக் கட்டணமும் அரசாங்கச் சேவை வரியும் தனி. இரண்டும் சேர்ந்து ஏறக்குறைய 16 முதல் 18 விழுக்காடு ஏறும். நால்வர் ஒரு விஸ்கி பாட்டிலை 480++ என்று எடுத்தால் பில் 560 வெள்ளி வாக்கில் நிற்கும், தலைக்கு 140. (இடத்துக்கு இடம் விலை மாறும், கணக்குப் போடும் முறைக்காக இந்த எண்.) அறை 60, ரயில் 20, இரவுச் சாப்பாடும் பின்னிரவு மாமாக் கடையும் (இந்திய முஸ்லிம் உணவுக்கடை) 40, கிராப் 15. மொத்தம் 275. இதற்கு மேல் 50 வெள்ளியைத் தனிப் பையில் தொடாமல் வைத்திருங்கள். கைப்பேசி செத்துப்போனால் டாக்சிக்கு அதுதான்.

பாட்டில் வாங்குவதானால் சீல் உடைக்காமல் மேசைக்கு வந்து உங்கள் கண்முன் திறக்க வேண்டும். மூடியும் சுங்க வரி முத்திரையும் சரியாக உள்ளதா என்று பாருங்கள். 2018 செப்டம்பரில் சிலாங்கூர், கோலாலம்பூர் வட்டாரத்தில் மெத்தனால் கலந்த போலி மதுவால் பலர் இறந்தார்கள். தோட்டங்களில் மலிவுச் சாராயமான சம்சுவால் குடும்பங்கள் அழிந்ததைப் பார்த்த நமக்கு இதைத் தனியாக விளக்க வேண்டியதில்லை. சந்தை விலையைவிட மிக மலிவாக, வரிசைக்கு வெளியே யாராவது நீட்டும் எதையும் தொடாதீர்கள். குடித்த மறுநாள் பார்வை மங்கினாலோ மூச்சு வாங்கினாலோ தலைவலி மருந்தைத் தேடாமல் நேராக மருத்துவமனைக்குப் போக வேண்டும். அது சாதாரண மயக்கம் அல்ல.

மிச்சமான பாட்டிலைப் பல கிளப்புகள் உங்கள் பெயர் எழுதி வைத்திருந்து அடுத்த முறை கொடுக்கும். தேதி போட்ட அட்டை தருவார்கள். காசு கொடுத்தாகிவிட்டதே என்று கடைசிச் சொட்டுவரை முடிக்க வேண்டிய கட்டாயம் இல்லை. வங்கி அட்டையைக் கவுண்டரில் விட்டு ‘கடைசியில் மொத்தமாக’ என்று சொல்லாதீர்கள். ஒவ்வொரு முறையும் உடனுக்குடன் கட்டுங்கள், ரசீதைப் படித்துவிட்டுக் கையெழுத்திடுங்கள்.

உள்ளே நுழைந்ததும்

முதல் ஐந்து நிமிடத்தில் இரண்டாவது வெளிவாசல் எங்கே என்று பாருங்கள். நெருக்கடி வந்தால் எல்லோரும் வந்த வழியாகவே திரும்ப ஓடுவார்கள், அந்த ஒரே கதவில்தான் நெரிசல் உண்டாகும். 2009 புத்தாண்டு இரவில் பாங்காக்கின் சந்திகா கிளப்பில் தீப்பிடித்து 60-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அவசர வாசல் பூட்டியிருந்தாலோ, அதன் முன் பீர்ப் பெட்டி அடுக்கியிருந்தாலோ, மேடையில் தீப்பொறி வேடிக்கை காட்டினாலோ, அந்த இடத்தை விட்டு வெளியே வாருங்கள். கட்டிய பணம் போனால் போகட்டும்.

காது. 85 டெசிபெல் ஒலியில் எட்டு மணி நேரம் தாக்குப்பிடிக்கும் காது, 100 டெசிபெல்லில் கால் மணி நேரத்தில் அதே அளவு அடி வாங்கிவிடும். பெரிய ஆட்டக்களத்தில் அந்த அளவு சாதாரணம். மருந்துக் கடையில் விற்கும் பஞ்சு நுரைக் காதடைப்பான் சில வெள்ளிதான். விரலால் மெல்லியதாக உருட்டி, காது மடலை மேலே இழுத்துச் செருகி, அது விரியும்வரை அரை நிமிடம் பிடித்திருங்கள். சரியாகப் போட்டால் பாட்டு கேட்கும், ஒலியின் அளவு குறையும். ஒலிபெருக்கிக்கு நேர் முன்னால் நிற்க வேண்டாம்.

கோப்பையை மேசையில் விட்டுவிட்டு ஆடப் போனால், திரும்பி வந்து அதைக் குடிக்காதீர்கள். புதிதாக வாங்குங்கள். அறிமுகமில்லாதவர் ஊற்றிக் கொண்டுவந்த கோப்பையும் வேண்டாம். பார்காரர் கையிலிருந்து நேராக உங்கள் கைக்கு வருவதுதான் உங்களுடையது. குடித்த அளவுக்குப் பொருந்தாத தள்ளாட்டம் ஒருவருக்கு வந்தால், அவரைத் தனியாக விடாமல், தெரிந்தவர் இருவர் வெளியே அழைத்து வர வேண்டும். மயங்கினால் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள், வாந்தி மூச்சுக் குழாய்க்குள் போகாமல் இருக்க அதுதான் வழி. எழுப்பியும் எழவில்லை என்றால் 999. பெண்கள் கழிப்பறைக்கு இரண்டு பேராகப் போவது நல்லது. கிராப் ஏறும்போது பயணத்தைப் பகிரும் வசதியை அழுத்தி வீட்டில் ஒருவருக்கு அனுப்புங்கள். அம்மாவிடம் சொல்ல முடியாத நிலை என்றால் அக்காவோ அண்ணியோ போதும். ஒருவருக்காவது நீங்கள் எங்கே இருக்கிறீர்கள் என்று தெரிந்திருக்க வேண்டும்.

சோதனை வந்தால்

போலீஸ் சோதனை வந்தால் விளக்கு எரியும், பாட்டு நிற்கும், யாரும் வெளியே போக முடியாது. மைகாட் பார்ப்பார்கள், சிறுநீர் சோதனை எடுப்பார்கள். சில மணி நேரம் ஆகும். ஓடுவதும் கழிப்பறைக்குள் ஒளிவதும் சந்தேகத்தைத் தேடிக்கொள்வது. சிறுநீரில் போதைப்பொருள் இருப்பது தெரிந்தால் அபாயகர போதைப்பொருள் சட்டம் 1952-இன் 15-ஆம் பிரிவில் 5,000 வெள்ளிவரை அபராதமோ இரண்டு ஆண்டுவரை சிறையோ விதிக்க முடியும். கோடீன் கலந்த இருமல் மருந்து, வலி மாத்திரை எடுத்துக்கொண்டிருப்பவர்கள் மருத்துவர் சீட்டைப் பையில் வைத்திருங்கள், அந்த மருந்தும் சோதனையில் காட்டும். யாராவது “இதைக் கொஞ்சம் வைத்திரு” என்று எதைக் கொடுத்தாலும், அவர் பள்ளித் தோழனே ஆனாலும், வாங்காதீர்கள். குழுவில் முஸ்லிம் நண்பர் இருந்தால், சமய அதிகாரிகளின் சோதனை அவருக்குத் தனிச் சிக்கல். அவரைக் கட்டாயப்படுத்தி அழைக்காதீர்கள்.

குடியின் கணக்கும் மறுநாள் சாவியும்

700 மில்லிலிட்டர், 40 விழுக்காடு விஸ்கியில் ஏறக்குறைய 220 கிராம் தூய ஆல்கஹால் இருக்கிறது. நால்வர் சமமாகக் குடித்தால் தலைக்கு 55 கிராம். உடல் ஒரு மணி நேரத்தில் கழிப்பது தோராயமாக ஏழு முதல் பத்து கிராம். தே ஓ (பாலில்லாத் தேநீர்), குளிர்ந்த நீர்க் குளியல், ஓட்டம் எதுவும் அதை வேகப்படுத்தாது. அதாவது இரவு பத்து மணிக்குத் தொடங்கி இரண்டு மணிக்கு முடித்தவர் உடலில், காலை ஐந்து ஆறு மணிவரை மது இருக்கலாம். உடல் எடை குறைந்தவர்களுக்கும் பெரும்பாலான பெண்களுக்கும் அதே அளவு மது இரத்தத்தில் இன்னும் அதிகமாக ஏறும். வெறும் வயிற்றில் ஏற்றம் வேகம். அதனால் ஊரிலிருந்து கிளம்பும் முன் சோறு சாப்பிட்டுவிட்டுப் போங்கள், ஒவ்வொரு கோப்பைக்கும் நடுவே ஒரு குவளைத் தண்ணீர் குடியுங்கள்.

2020 அக்டோபரில் சாலைப் போக்குவரத்துச் சட்டம் கடுமையாக்கப்பட்டது. இரத்தத்தில் அனுமதி 100 மில்லிலிட்டருக்கு 80 மில்லிகிராமிலிருந்து 50-க்கு இறங்கியது, மூச்சில் 35 மைக்ரோகிராமிலிருந்து 22-க்கு. அளவு மீறி வண்டி ஓட்டினால் முதல் குற்றத்துக்கே 10,000 முதல் 30,000 வெள்ளி அபராதம், இரண்டு ஆண்டுவரை சிறை, உரிமமும் போகும். யாராவது இறந்துவிட்டால் பத்து முதல் பதினைந்து ஆண்டு சிறை. மோட்டார் சைக்கிளுக்கும் இதே சட்டம்தான்.

காரில் போயே ஆக வேண்டும் என்றால் சாவியைக் குடிக்காதவர் வைத்திருக்கட்டும். மாடி பார்க்கிங் எத்தனை மணிக்கு மூடும் என்று நுழையும்போதே பலகையைப் படியுங்கள். சில இடம் நள்ளிரவில் கதவை இழுத்துவிடும். சாலையோரத்தில் ‘ஜாகா கெரேத்தா’ (காரைப் பார்த்துக்கொள்கிறோம் என்னும்) ஆள்கள் பணம் கேட்கும் இடம் பெரும்பாலும் வண்டி நிறுத்தக் கூடாத இடம்தான், மாநகராட்சியான டிபிகேஎல் இழுத்துப் போனால் அவர்கள் அங்கே இருக்க மாட்டார்கள்.

கிளப் மூடும்போது எல்லோரும் ஒரே நிமிடத்தில் கிராப் தேடுவதால் விலை இரட்டிப்பாகும். அரை மணி முன்பே கிளம்புங்கள், அல்லது நடக்கும் தூரத்தில் இருபத்துநான்கு மணி நேர மாமாக் கடையில் உட்கார்ந்து ரொட்டிச் சானாய் சாப்பிட்டுவிட்டு விலை இறங்கியதும் அழையுங்கள். காரை கேஎல்லிலேயே விட்டுத் தங்கியவர்கள், கடைசிக் கோப்பை இரண்டு மணிக்கு என்றால் நண்பகலுக்கு முன் சாவியைத் தொட வேண்டாம். ரயிலில் போனவர்களுக்கு அந்தக் காத்திருப்பு இல்லை. விடிந்து ஒன்பது மணிக்கு எழுந்து, பிரிக்பீல்ட்ஸில் இட்லி சாப்பிட்டுவிட்டு, கேஎல் சென்ட்ரலுக்கு நடந்தே போய்விடலாம். ஏறும்போது ரயில் ரவாங்கோடு நிற்பதா, தஞ்சோங் மாலிம் வரை போவதா என்று பெயர்ப் பலகையைப் பாருங்கள், தூக்கக் கலக்கத்தில் அதுதான் பலரும் தவறவிடுவது.